இறுகிய நட்டும் இளகிய மனமும்

வலிமை ஒன்றிருந்தால் எதனையும் வென்றுவிடலாம் என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் பிழையானது என்பதை இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. துருவேறிய ஒரு சிறு நட்டு.

நம்மிடம் பழைய கார் ஒன்று உண்டு. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர்ப் பகுதியைச் சூழ்ந்தபோது, மேற்குத் தாம்பரத்தில் நம் தெருவிலும் நீர் புகுந்தது. காரும் நீரில் நின்றது. பழுது நீக்கி மீண்டும் ஓட்டினோம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. அண்மையில் ஸ்டியரிங் கனத்தது; காரின் அடியில் சிவந்த எண்ணெய்த் துளிகளைக் கண்டோம்.

பவர் ஸ்டியரிங் என்பது ஓட்டுபவரின் கைக்குத் துணைசெய்யும் அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் இதனை உருவாக்கிக் காட்டினார். 1951இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார் வழியே இது விற்பனைக்கு வந்தது. இந்நாளைய கார்கள் பலவற்றில் மின்மோட்டாரே இப்பணியைச் செய்கிறது. நம்முடையது போன்ற பழைய கார்களிலோ பம்பிலிருந்து ஸ்டியரிங் பெட்டிக்கு ஹோஸ் வழியே எண்ணெய் பாய்கிறது. ஸ்டியரிங்கை முழுதும் திருப்புகையில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஆயிரம் பவுண்டையும் தாண்டக்கூடும். அந்த ஹோஸ்தான் கசிந்தது.

புதிய ஹோஸ் வாங்கி, விடுமுறை நாளொன்றில் நாமே மாற்ற முனைந்தோம். பம்புடன் ஹோஸை இணைக்கும் நட்டு அசையவில்லை. சாதாரண ஸ்பேனரை மாட்டி முழு பலத்துடன் இழுத்தோம். ஸ்பேனர் வழுக்கியது, நட்டின் முனைகள் சற்றே மழுங்கின, நம் விரல் முட்டியும் தோலுரிந்தது. "கல்லு மாதிரி நிக்கிறியே!" என்று அந்நட்டைத் திட்டினோம். திட்டியபின் திடுக்கிட்டோம். மூன்று வாரங்களுக்கு முன், வினாவுக்கு விடை கூறாது நின்ற மாணவன் ஒருவனை நோக்கி, வகுப்பே கேட்க, நாம் கூறிய சொற்களும் இவையே. அதன்பின் அவன் கல்லூரிக்கு வரவில்லை.

மறுநாள் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, முடிச்சூர்ச் சாலையில் உள்ள பட்டறை ஒன்றிற்கு மெல்ல ஓட்டிச் சென்றோம். முதிய மேஸ்திரி கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தார். துருவை இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சினார். பிறகு தேநீர் அருந்தப் போய்விட்டார். "நெருப்புக் காட்டினால் உடனே இளகாதா, மேஸ்திரி?" என்றோம். "ஹோஸும் ஆயிலும் பத்திக்கும் சார். கொஞ்சம் ஊறட்டும்" என்றார்.

நண்பகலுக்குப்பின் வேறொரு ஸ்பேனரை எடுத்தார். குழாய் நுழையுமளவு வாய் வெட்டப்பட்ட வளையம் அது. சாதாரண ஸ்பேனர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும். இதுவோ ஆறில் ஐந்தைப் பற்றும். முதலில் இம்மியளவு இறுக்கினார், பின்னர்த் தளர்த்தினார், மறுபடியும் இறுக்கித் தளர்த்தினார். சிறு ஒலியுடன் நட்டு அசைந்தது.

"ரெண்டு பக்கம் மட்டும் புடிச்சு இழுத்தா முனைதான் மழுங்கும் சார். சுத்திப் புடிக்கணும், கொஞ்சம் விட்டும் புடிக்கணும்" என்றார்.

புதிய ஓ ரிங்கை இட்டு, நட்டை முதலில் விரலாலேயே திருகினார். முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். ஸ்டியரிங் இலகுவாயிற்று, நம் நெஞ்சுதான் கனத்தது.

அன்று மாலையே இரும்புலியூரில் அம்மாணவனின் வீட்டைத் தேடிச் சென்றோம். தந்தை நோயுற்றுக் கிடந்தார். மகன் இரவெல்லாம் ஒரு கிடங்கில் மூட்டை சுமந்துவிட்டு, உறங்காமலே நம் வகுப்பில் நின்றிருக்கிறான். அவனிடம் நாம் கண்டவை இரண்டே பக்கங்கள்: குறைந்த மதிப்பெண்ணும் மௌனமும்.

"நாங்கள் பேசியது தவறு, தம்பி" என்றோம். அவன் ஒன்றும் கூறவில்லை. வற்புறுத்தாமல் திரும்பினோம்.

அடுத்த வாரம் அவன் வந்து, கடைசி வரிசையில் அமர்ந்தான். அன்று அவனிடம் நாம் வினா எதுவும் கேட்கவில்லை.