கட்டைவிரல் காவல்

நான் பிடித்த துப்பாக்கி தீபாவளி ரோல் கேப்போடு சரி. அமெரிக்காவில் சிலர், லீவு நாளானால் சொந்தப் பிஸ்டலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தது ஜான் பிரவுனிங்கின் 1911 மாடல்.

1910-ல் அவர் செய்த மாதிரியில் கட்டைவிரல் சேஃப்டி கிடையாது. ஒரு கையில் மிரளும் குதிரை, மறு கையில் சுடத் தயாரான பிஸ்டல். என்ன பண்ணுவான் மனுஷன்? குதிரைப்படை கேட்டு வாங்கியது அது.

புது சேஃப்டியை அப்படியே மாட்ட முடியாதாம். சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கியை அதன் முனை அசையவிடாமல் தடுக்கணும். அதற்காக அரத்தால் ராவணும். கொஞ்சம் கூடுதலாக ராவினால் போச்சு! 'டிக்'கென்று மேலே ஏறும், பார்க்க ஜோராக இருக்கும். ட்ரிக்கரை அழுத்தினால் கொக்கி விலகிவிடும். பூட்டியாச்சு என்று நம்பி இடுப்பில் செருகுகிறானே, அந்த ஆசாமி?

சைக்கிள் பிரேக் கட்டையை நானே மாட்டிக்கொள்வேன். இதையென்றால் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிட்டு, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் தருவேன்.