ஒரு கண்ணில் வெண்ணெய்

அமெரிக்க நாட்டில் விமானச் சீட்டு வாங்கும் பயணி அதன்மேல் டெல்டா என்றோ யுனைடெட் என்றோ பெயரைக் காண்கிறார். விமானத்தின் வாலிலும் அந்நிறுவனத்தின் வண்ணமே. ஆயினும் சிற்றூர்களுக்குச் செல்லும் சிறு விமானத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் அப்பெரு நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அதற்காக ஒப்பந்தத்தில் விமானம் ஓட்டும் வட்டார நிறுவனம் ஒன்றின் ஊழியர். வானம் ஒன்று, வண்ணம் ஒன்று, பயணியின் உயிரும் ஒன்று. கூலி மட்டும் இரண்டு!

பங்குப் பணியில் பாகப்பிரிவினை வழக்குகள் பலவற்றைக் கேட்டுப் பழகிய நமக்கு இவ்வழக்கும் புதிதாகத் தோன்றவில்லை. மூத்தவர் வேலி கட்டுகிறார். இளையவர் வெளியே நிற்கிறார். பெரிய நிறுவனங்களின் விமானிகள் தம் ஒப்பந்தத்தில் எழுதி வைத்துள்ள வரம்பு விதியே அவ்வேலி. வட்டார நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் விமானங்களில் 76 இருக்கைகளுக்கு மேல் இருத்தலாகாது என்பது டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய மூன்றிலும் உள்ள எல்லை.

மூத்தவர்மேல் பழி சுமத்துவது எளிது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. வேலி இல்லையேல், குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் இடத்திற்கே நிர்வாகம் வேலை முழுவதையும் மாற்றிவிடும். 2001-க்குப் பின் பெரு நிறுவனங்கள் பல திவால் நீதிமன்றத்தில் நின்றபோது, இவ்விமானிகள் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் இழந்தனர், வேலியும் தளர்ந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று அவர்கள் எண்ணினால் வியப்பென்ன?

ஆனால் இளையவரின் வழக்கையும் கேட்க வேண்டுமன்றோ? டெல்டாவின் துணை நிறுவனமாயிருந்த காமேரின் விமானிகள், டெல்டா விமானிகளைப்போல் ஒரே தொழிற்சங்கத்தின் உறுப்பினர்களே. பணிமூப்புப் பட்டியலில் தங்களையும் சேர்க்குமாறு 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வேண்டினர், சங்கம் இசையவில்லை. இத்தொழிலில் ஊதியம், விமானம், விடுமுறை யாவும் பணிமூப்பு எண்ணைப் பொறுத்தவை. வேறு நிறுவனத்திற்கு மாறினால், பல்லாண்டு அனுபவமுடையவரும் கடைசி எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். 2001 மார்ச் 26-இல் தொடங்கி 89 நாட்கள் காமேர் விமானிகள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். 2012-இல் அந்நிறுவனமே மூடப்பட்டது.

இப்பூசல் விமானிகளோடு முடிவதில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரருகே கான்டினென்டல் பெயரில் பறந்த கோல்கன் ஏர் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். தலைமை விமானி தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. ஆயினும் அவ்விசாரணை வேறொன்றையும் வெளிக்கொணர்ந்தது. துணை விமானியின் ஆண்டூதியம் 25,000 டாலருக்கும் குறைவு. அவர் சியாட்டிலில் பெற்றோருடன் தங்கி, இரவெல்லாம் நாட்டின் மறுகோடிக்குப் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். சீட்டில் பெரிய பெயரைப் பார்த்து ஏறியவர்கள் இதையெல்லாம் அறிந்திருப்பார்களா?

அதன்பின் சட்டம் கடுமையாயிற்று. முன்பு 250 மணி நேரம் பறந்திருந்தால் துணை விமானியாகலாம். 2013 முதல் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். பின்னர் கொள்ளைநோய்க் காலத்தில் மூத்தோர் பலர் ஓய்வுபெற, விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2022-இல் அமெரிக்கன் நிறுவனத்தின் வட்டாரக் கிளைகள் முதலாண்டுத் துணை விமானியின் ஊதியத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின.

மகிழ்ச்சியே. ஆனால் அவ்வுயர்வைத் தந்தது உடன்பிறப்புணர்வு அன்று, ஆள் பற்றாக்குறை. பற்றாக்குறை தந்ததை, ஆட்கள் மிகும் நாளில் நிர்வாகம் திரும்பக் கேட்கும். வேலியைப் பிடுங்கி எறியுமாறு நாம் சொல்லவில்லை. வேலிக்கு ஒரு வாயில் வேண்டும் என்கிறோம். வட்டார விமானி தம் முறை வரும்போது பெரு நிறுவனத்திற்குச் செல்ல வழிசெய்யும் ஒப்பந்தங்கள் சிலவிடங்களில் உள்ளன. அவ்வாயிலை அகலத் திறக்குமாறு கேட்க வேண்டியவர்கள், உள்ளே இருக்கும் மூத்தவர்களே.