சைக்கிளுக்கு விளக்கு எதற்கு?

எங்கள் காலத்தில் சைக்கிளுக்கும் சட்டம் உண்டு. நகராட்சியில் வரி கட்டி, வில்லை வாங்கி மாட்ட வேண்டும். டபுள்ஸ் போகக் கூடாது. இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

1967. கும்பகோணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். ட்யூஷன் முடிந்து, அப்பாவின் சைக்கிளில் தாராசுரத்துக்குத் திரும்பும்போது ஒரு கான்ஸ்டபிள் கையைக் காட்டினார். டைனமோ வாங்க வசதியில்லை, மண்ணெண்ணெய் விளக்குதான். அதில் எண்ணெய் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“இப்பத்தான் சார், காத்துல அணைஞ்சு போச்சு” என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் விளக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது! இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, “தள்ளிக்கிட்டுப் போ” என்றார்.

வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அப்பா ஒன்றுதான் சொன்னார்: “விளக்கு உனக்கு வழி தெரியறதுக்கு மட்டும் இல்லடா. எதிர்ல வர்றவனுக்கு நீ வர்றது தெரியணும்.”

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு ஒரு நாள், பொழுது வெளுக்குமுன் நானும் என் மனைவியும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். தவறான பக்கத்தில் கியர் சைக்கிளில் ஒரு பையன் வேகமாக வந்தான். மணியும் இல்லை, விளக்கும் இல்லை. இடித்ததில் அவள் கீழே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

நடைப்பயிற்சி நண்பர்கள் கொதித்தார்கள். சைக்கிளுக்கும் நம்பர் பிளேட், லைசென்ஸ், வேக வரம்பு எல்லாம் வேண்டும் என்றார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஓய்வுபெற்ற வக்கீல். “மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ள வேக வரம்பு மோட்டார் வண்டிக்குத்தான். ஆனால் பொதுவழியில் ஆபத்தாக ஓட்டினால் சைக்கிள்காரனும் குற்றவாளிதான். பழைய 279, இப்போது 281” என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். வேகம் காட்டும் கருவியே இல்லாத சைக்கிளுக்கு வேக வரம்பு வைத்து என்ன செய்வது? லைசென்ஸ் என்றால் விடியற்காலையில் பால் ஊற்றுகிறவரும், சித்தாள் வேலைக்குப் போகிறவரும்தான் அலைய வேண்டும். ஆனால் விளக்கு, மணி, இடது பக்கம், சிக்னல் — இந்த நான்கும் எல்லாருக்கும் பொதுதான். இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் கூச்சம். உத்தியோக காலத்தில், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, ஒருவழிப் பாதையில் பல வருஷம் எதிரே சைக்கிள் மிதித்தவன் நான். யார் மேலும் இடிக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம், என் யோக்கியதை அல்ல.

பையன் மறுநாள் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். ஒன்பதாம் வகுப்பாம். “பாட்டி வர்றது தெரியவே இல்ல தாத்தா” என்று அழுதான். “நீ வர்றதும் எங்களுக்குத் தெரியலப்பா” என்று சொல்லி, அப்பாவின் வார்த்தையை அவனிடம் சொன்னேன். புகார் கொடுக்கவில்லை.

கட்டுப் பிரித்த வாரம் மறுபடி வந்தான். வாசலில் அவன் சைக்கிளில் புது விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. என்னையறியாமல் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தேன்.

எல்.இ.டி. அல்லவா, சூடே இல்லை! அந்தக் கான்ஸ்டபிள் பார்த்திருந்தால் இவன் டயரிலும் காற்றைப் பிடுங்கியிருப்பார்.