கார் சாப்பிடுகிற வீடு

நியூ ஜெர்சியில் தம்பி வீட்டுக்குப் போன புதிதில் அம்மா எதைப் பார்த்தாலும் அதன் டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பான 83-ஆல் பெருக்கினாள். கொத்தமல்லிக் கட்டு, ஒரு பிளேட் இட்லி, எதுவும் தப்பவில்லை. தம்பி முடி வெட்டிக்கொண்டு வந்த அன்று, "இந்தக் காசுக்கு நம்ம தெருவே மொட்டை போட்டுக்கலாமேடா" என்றாள். மூன்றாவது வாரம் பெருக்குவதை நிறுத்திவிட்டாள். கணக்குப் போட்டால் சாப்பாடு தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறதாம்.

எனக்கும் அந்தப் பெருக்கல் வியாதி உண்டு. அமெரிக்க அரசின் கணக்குப்படி 2023-இல் ஒரு சராசரிக் குடும்பம் செலவழித்தது 77,280 டாலர், மாதம் 6,440. இங்கே இந்தியாவில் 2023 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூலை வரை நடந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரத்தில் ஆளுக்கு மாதம் 6,996 ரூபாய், கிராமத்தில் 4,122 ரூபாய். நாலு பேர் உள்ள நகரத்து வீட்டுக்கு 28,000 என்று வையுங்கள். அங்கே சராசரிக் குடும்பம் இரண்டரைப் பேர்தான். அவர்களுக்கு மாதம் ஐந்து லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். காசு எங்கே போகிறது என்று பார்த்தால்தான் வீடு தெரியும்.

வருமானம் ஏற ஏற, செலவில் சாப்பாட்டின் பங்கு இறங்கும் என்று 1857-லேயே சொன்னவர் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியர். (மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு.) அவர் சொன்னது இன்றும் பலிக்கிறது. நம் கிராமங்களில் சாப்பாட்டுக்கு 47 சதவீதம், நகரங்களில் 40-க்குச் சற்றுக் கீழே. 1999-2000இல் கிராமத்தில் இது 59. அமெரிக்காவில் 12.9 தான்.

ஆனால் அதே அமெரிக்கப் பட்டியலில் இன்னொரு வரியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். போக்குவரத்துக்கு 17 சதவீதம். வருஷத்துக்குச் சாப்பாடு 9,985 டாலர், போக்குவரத்து 13,174 டாலர். வீட்டில் இருக்கிற மனிதர்களைவிடக் கார் கூடுதலாகச் சாப்பிடுகிறது! தம்பி வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பால் தீர்ந்தால் சாவியைத் தேட வேண்டும். கடை ஒன்றும் தூரமில்லை. நடந்து போக நடைபாதைதான் இல்லை. அவனுக்கு ஒரு கார், அவன் மனைவிக்கு ஒரு கார். தவணை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ். "கார் இல்லேன்னா இங்க வேலையே இல்லண்ணா" என்றான். அவன் வசதியாக இருக்கிறான் என்பதற்கு அந்த 17 சதவீதம் சாட்சியா, அவன் கட்டும் அபராதமா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது.

தஞ்சாவூரில் அம்மாவிடம் ஒரு வரவு செலவு நோட்டு இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து தொடர்ந்து வருவது. அவர் கையெழுத்தில் முதல் வரி எப்போதும் அரிசி. அம்மா எழுதும் பக்கங்களில் அரிசி கீழே போய்விட்டது. ரேஷன் அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குகிறாள். ரேஷன் அரிசிக்கு 2011-லிருந்து காசில்லை. சர்க்கரை மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் வாங்குகிறாள், அதற்கும் காசில்லை. அமெரிக்காவில் ஒரு சராசரிக் குடும்பம் மருத்துவத்துக்கு 2023-இல் 6,159 டாலர் கொடுத்தது. அதில் பாதிக்கு மேல் நோயே வராவிட்டாலும் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ்.

இலவசமாகக் கிடைத்த அரிசி, சைக்கிள், மடிக்கணினி போன்றவற்றுக்கு விலை போட்டு நம் கணக்கெடுப்பு இன்னொரு சராசரியும் சொல்கிறது. கிராமத்தின் 4,122 அப்போது 4,247 ஆகிறது. வித்தியாசம் 125 ரூபாய். இலவச வைத்தியமும் இலவசப் படிப்பும் அந்த 125-க்குள் வராது. அம்மாவின் மாத்திரை எந்தச் சராசரியிலும் இல்லை. செலவழிக்காத காசுக்குப் பில் கிடையாது, ஆகவே கணக்கும் கிடையாது. இதனால் நாம் பணக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கிராமத்தில் ஒருவர் 4,122 ரூபாயில் மாதத்தை ஓட்டுவது கஷ்டம்தான்; அதைச் சிக்கனம் என்று மெச்சுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய மறுநாளே அம்மா நோட்டை எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். பால், மளிகை, காய், கேஸ், மொய், பஸ் என்று கட்டங்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமான 2021 மே மாதத்துக்குப் பிறகு பஸ் கட்டத்தில் அவள் எதுவும் எழுதியதில்லை. கட்டத்தை மட்டும் மாதாமாதம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.