மலிவு விலை கிடாரும் 411-ஆம் பிரிவும்

திருட்டுப் பொருளை வாங்கியதாக வரும் வழக்குகளில் பெரும்பாலும் நகை இருக்கும், செல்போன் இருக்கும், பைக் இருக்கும். எலக்ட்ரிக் கிடார் சான்றுப் பொருளாக வந்த வழக்கை நான் ஒன்றுதான் நடத்தியிருக்கிறேன். ‘மலிவாக வாங்கினான், ஆகவே தெரிந்தேதான் வாங்கினான்’ என்ற வாதத்துக்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஜூனியர்கள் கேட்டால் இன்றும் அந்த வழக்கைத்தான் சொல்வேன்.

கட்சிக்காரர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த இளைஞர். பகலில் பெயிண்டிங் வேலை, திருவிழாக் காலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் கிடார். அதுவரை இரவல் கிடாரில்தான் வாசித்து வந்தார். புதிதாக வாங்கக் காசில்லை.

அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மலைக்கு மேற்கே கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர். ரமணாசிரமம் பக்கமும் கிரிவலப் பாதையை ஒட்டியும் வெளிநாட்டினர் மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குவார்கள். குளிர்காலத்தில் வந்தவர்கள் பங்குனி வெயில் ஏறியதும் கிளம்புவார்கள். கிளம்பும்போது சைக்கிள், கேஸ் அடுப்பு, மெத்தை என்று பலதும் உள்ளூர்க்காரர்களுக்குக் கைமாறும். அதனால், அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 2018 பங்குனியில் ஒரு கறுப்பு கிடாரைக் கொண்டுவந்து, “வெள்ளைக்காரர் எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டாரு” என்று சொன்னபோது இவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஒன்பதாயிரத்துக்குப் பேசி முடித்தார்கள். ஆறாயிரம் வங்கிக் கணக்கில் போட்டார், மூவாயிரம் கையில் கொடுத்தார்.

கிடாரின் சொந்தக்காரர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வடக்கே போயிருந்தார். கார்த்திகை தீபத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் கிடாரைக் காணோம். வீட்டைப் பார்த்துக்கொண்டவரிடம் மாற்றுச் சாவி இருந்தது. அவர் மீது இந்திய தண்டனைச் சட்டம் 380-ஆம் பிரிவு. வாங்கியவர் மீது 411: திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு பெற்றுக்கொண்ட குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை.

முதல் தகவல் அறிக்கையில் ‘ஃபெண்டர் கிடார், மதிப்பு ரூ.80,000’ என்று இருந்தது. எண்பதாயிரம் ரூபாய்ப் பொருளை ஒன்பதாயிரத்துக்கு வாங்குகிறவனுக்கு அது திருட்டுப் பொருள் என்று தெரியாதா? அரசுத் தரப்பு வழக்கு முழுவதும் இந்த ஒற்றைக் கேள்வியில் நின்றது.

புலன் விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தபோது கிடாரை அவர் கையில் கொடுக்கச் சொன்னேன்.

“தலைப் பகுதியில் பெரிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.”

“ஸ்குயர்.”

“அதை ஒட்டிப் பொடி எழுத்தில்?”

“பை ஃபெண்டர்.”

“எந்தப் பெயரில் விலை விசாரித்தீர்கள்?”

“ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்.”

ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது 1954-இல். தந்தி தயாரித்து வந்த ஸ்குயர் நிறுவனத்தை 1965-இல் வாங்கி, 1982 முதல் அந்தப் பெயரில் விலை குறைந்த கிடார்களை விற்கத் தொடங்கியது. முதலில் அவை ஜப்பானில் தயாராயின, பிறகு மற்ற ஆசிய நாடுகளிலும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், விலையில் பல மடங்கு வித்தியாசம். இந்தக் கிடாரின் தலைப் பகுதிக்குப் பின்னால் இருந்த வரிசை எண் ‘ஐ.சி.எஸ்.’ என்ற எழுத்துகளில் தொடங்கியது. இந்தோனேசியாவில், கோர்டெக் ஆலையில் செய்த ஸ்குயர் என்பதற்கான அடையாளம் அது. இந்த வகையின் விலை புதிதாக வாங்கினாலே இருபதாயிரத்தை ஒட்டித்தான் அப்போது இருந்தது.

கிடார் பழுது பார்க்கும் ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்து எங்கள் தரப்புச் சாட்சியாக விசாரித்தேன். ஃப்ரெட்கள் தேய்ந்திருக்கின்றன, பிக்கப் சுவிட்சைத் தள்ளினால் கரகரக்கிறது, ஒரு ட்யூனிங் கீ மாற்றியது, உறையும் இல்லை ஆம்ப்ளிஃபயரும் இல்லை; எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் போகும் என்றார். ஒன்பதாயிரம் நியாய விலைதான் என்று ஆயிற்று.

விலைக்கு அடுத்து நடத்தை. சாட்சியச் சட்டம் 114-ஆம் பிரிவின்படி, திருட்டு நடந்த சில நாளில் அந்தப் பொருள் ஒருவரிடம் இருந்தால், அது எப்படி வந்தது என்று அவர் விளக்கம் சொல்லாவிட்டால், நீதிமன்றம் அவருக்கு எதிராக அனுமானம் செய்துகொள்ளலாம். இவரிடம் விளக்கம் இருந்தது, வங்கிக் கணக்குப் பதிவும் இருந்தது. அதோடு, ஆடித் திருவிழாவில் ஊரார் முன்னால் மேடையேறி அதே கிடாரை வாசித்திருக்கிறார். போலீசார் அவரைக் கண்டுபிடித்ததே அந்த வீடியோவை வைத்துத்தான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தவர் அதை மைக் முன்னால் கொண்டுபோய் வாசிக்க மாட்டார் என்று வாதிட்டேன்.

இதற்கு முன்பே, வழக்கு நடக்கும்போதே கிடாரைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி சொந்தக்காரர் மனுப் போட்டிருந்தார். கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லியிருக்கிறது. வரிசை எண் தெரியும் பழைய போட்டோவும் அவரிடம் இருந்தது. எதிர்க்க வேண்டாம் என்றேன். “துட்டு குடுத்துத்தானே சார் வாங்கினேன்?” என்றார் கட்சிக்காரர். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை அவருக்கு விளக்கினேன். விற்றவருக்கு உரிமை இல்லாத பொருளில், நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் பொதுவாக நமக்கு உரிமை வராது. கிடார், கேட்கும்போது நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு சொந்தக்காரரிடம் போனது.

தீர்ப்பில் முதல் எதிரிக்குச் சிறையும் அபராதமும் விதித்தார் நடுவர். என் கட்சிக்காரர் விடுதலை. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 357(1)(டி) பிரிவைச் சுட்டிக்காட்டி நான் ஒரு கோரிக்கையும் வைத்திருந்தேன். திருட்டுப் பொருள் உரியவரிடம் திரும்பிப் போகும்போது, அதை நல்லெண்ணத்தோடு வாங்கி நஷ்டப்பட்டவருக்கு அபராதத் தொகையிலிருந்து இழப்பீடு தரலாம் என்கிறது அந்தப் பிரிவு. வக்கீல்களே அதிகம் கேட்பதில்லை. நடுவர் ஒன்பதாயிரத்தையும் கொடுக்க உத்தரவிட்டார்.

2024 ஜூலை 1 முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. 411 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317(2). இழப்பீட்டுப் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395. சட்டத்தின் சாரம் மாறவில்லை. 2022-இல் சிவகுமார் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமும், பொருள் கையில் இருந்தது மட்டும் போதாது, திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

விடுதலை கிடைத்தாலும் அதுவரை கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர்தான். எனவே பழைய கிடாரோ கேமராவோ வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாசித்துப் பார்ப்பதற்கு முன் வரிசை எண்ணைப் படம் எடுங்கள். ‘இன்னார் கொடுத்தார்’ என்றால் அந்த இன்னாரிடம் போனில் பேசுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வரிசை எண்ணும் விலையும் குறித்து, விற்பவரின் கையெழுத்தோடு ஒரு தாளும் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றைத் தர மறுக்கிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.