இரண்டாவது கன்ட்ரோலர்

மே 3, சனி

லெகோ மார்வெல் சூப்பர் ஹீரோஸ் வாங்கியாயிற்று. 2013-இல் வெளிவந்த கேம். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது இன்றுதான், அதனால் எங்களுக்குப் புதுசு. ஐரோப்பியத் தரச்சான்று 7 வயதுக்கு மேல் என்கிறது, அமெரிக்கத் தரச்சான்று 10 வயதுக்கு மேல். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு நடக்கிறது. அடிதடி கேம்களை அவன் கையில் கொடுக்க எனக்கு மனமே வந்ததில்லை. அதனால் நானும் கூடவே உட்கார்ந்தேன்.

முதல் கட்டம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம். மணல் மனிதன் சாண்ட்மேன் நிலையத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். ஹல்க்கும் அயர்ன்மேனும் உள்ளே நுழைய வேண்டும். மகன் கேட்காமலேயே ஹல்க்கை எடுத்துக்கொண்டான்.

அடி வாங்கும் எதிரி லெகோ துண்டுகளாகச் சிதறுகிறான். ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. நம் ஆள் விழுந்தாலும் அப்படித்தான். சேர்த்து வைத்த காசில் கொஞ்சம் தரையில் கொட்டும், அடுத்த நொடி அதே இடத்தில் எழுந்து நிற்பான். ஹல்க் முதல்முறை சிதறியபோது மகன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். நான் வாயைத் திறப்பதற்குள் ஹல்க் எழுந்துவிட்டது. “அம்மா, காசு போகுது!” என்று கொட்டியதை அள்ள ஓடினான். மறைவதற்குள் அள்ளினால் திரும்பக் கிடைத்துவிடும்.

தோற்றால் தொடக்கத்துக்கே துரத்தும் கேம்களில் இவன் கன்ட்ரோலரை வீசியிருக்கிறான். இன்று வீசவில்லை.

மே 4, ஞாயிறு

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். இந்த கேமின் உயிர் எங்கே இருக்கிறது என்று இன்று பிடிபட்டது: ஒருவரால் எல்லாம் முடியாது. பச்சைக் கைப்பிடி வைத்த கனமான பொருளை இழுக்க ஹல்க் வேண்டும். வெள்ளி நிறத்தில் மின்னுவதை உடைக்க அயர்ன்மேனின் ஏவுகணை வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் ஹல்க்கால் ஒன்றும் செய்ய முடியாது. முக்கோணப் பட்டனை அழுத்திப் பிடித்து புரூஸ் பேனராக மாற வேண்டும். “டேய், சின்னதாகுடா, கம்ப்யூட்டர் வந்துடுச்சு” என்று அக்கா கத்துவதும், “மாறிட்டேன் மாறிட்டேன்” என்று இவன் பதறுவதும் கூடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த கட்டம் டைம்ஸ் சதுக்கம், எதிரி டாக்டர் ஆக்டோபஸ். கேப்டன் அமெரிக்காவும் மிஸ்டர் ஃபென்டாஸ்டிக்கும் வந்தார்கள். உடம்பை ரப்பராக வளைத்துக் கம்பிச் சட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வரும் மனிதர் இவர். கேடயத்தை வீசும் கேப்டனைவிட சின்னவனுக்கு இவரைத்தான் பிடித்துப்போயிற்று.

உடைத்த பொருளின் துண்டுகள் சில இடங்களில் தரையில் துள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போய் வட்டப் பட்டனை அழுத்திப் பிடித்தால், அடுத்து தேவையான பொருளாக அவை தாமாகவே கூடிக்கொள்ளும். ‘உடை, பிறகு கட்டு’ என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துள்ளும் துண்டுகளைப் பார்த்து அவனே கற்றுக்கொண்டான். இந்த கேமைச் செய்த டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் 2005-இல் லெகோ ஸ்டார் வார்ஸில் தொடங்கி இதே பாணியைத் தேய்த்து மெருகேற்றி வந்திருக்கிறது. அந்தக் கைப்பழக்கம் தெரிகிறது.

மே 6, செவ்வாய்

இன்று கதையை ஓரங்கட்டிவிட்டு ஊர் சுற்றினார்கள். வானத்தில் மிதக்கும் ஹெலிகேரியரிலிருந்து குதித்தால் கீழே மொத்த மன்ஹாட்டனும் விரிகிறது. சென்ட்ரல் பார்க், ஸ்டார்க் டவர், சுதந்திர தேவி சிலை, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

பறப்பதுதான் பாடு. அயர்ன்மேன் ஏறவும் இறங்கவும் தனித்தனிப் பட்டன், வேகமெடுத்தால் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. சின்ன விரல்களுக்கு இது கஷ்டம். மகன் கட்டடங்களில் முட்டி முட்டிக் கடைசியில் காரை ஓட்டப் போய்விட்டான்.

ஊரிலும் கட்டங்களிலுமாக மொத்தம் 50 இடங்களில் ஸ்டான் லீ ஆபத்தில் சிக்கிக்கொண்டு காப்பாற்றச் சொல்கிறார். குரலும் அவருடையதே. “இந்தத் தாத்தா யாரும்மா?” என்றாள் மகள். 1962-இல் ஜாக் கிர்பியோடு சேர்ந்து ஹல்க்கையும், ஸ்டீவ் டிட்கோவோடு சேர்ந்து ஸ்பைடர்மேனையும் உருவாக்கியவர், 2018-இல் காலமானார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவரை எங்கே கண்டாலும் விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். தம்பி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

மே 9, வெள்ளி

அக்காவும் தம்பியும் ஒரே திசையில் போகும்வரை திரை ஒன்றாக இருக்கிறது. விலகினால் நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டாகப் பிரிகிறது. யார் எந்தப் பக்கம் போகிறார்களோ அதற்கேற்ப அந்தக் கோடும் சாய்கிறது. எனக்குத் தலை சுற்றியது, அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆரம்பகால லெகோ கேம்களில் இருவரும் ஒரே திரைக்குள் அடங்கியாக வேண்டும், ஒருவர் மற்றவரை இழுத்துக்கொண்டே போவார். 2009-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் இரண்டாம் பாகத்தில்தான் இந்தப் பிரியும் திரை வந்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பாதிச் சண்டை இதனாலேயே குறையும்.

இன்னொன்று. நடுவில் யார் எழுந்து போனாலும் ஆட்டம் நிற்காது, அந்தப் பாத்திரத்தைக் கேமே நடத்திக்கொள்ளும். மகள் குளிக்கப் போன நேரத்தில் அவள் கன்ட்ரோலரை நான் எடுத்துக்கொண்டேன். குக்கர் விசில் வந்ததும் வைத்துவிட்டு எழுந்தேன். அடுப்பு வேலைக்கு நடுவே என்னால் விளையாட முடிந்த கேம் இதுதான்.

மே 11, ஞாயிறு

கதை இன்னும் பாதிகூட ஆகவில்லை. சில்வர் சர்ஃபரின் பலகை உடைந்து சிதறிய காஸ்மிக் கற்களை வில்லன் டாக்டர் டூம் பொறுக்குகிறான், அவன் பின்னால் லோகி. 15 கட்டங்களில் முடியும் கதை. முடித்த கட்டத்துக்கே புதிய நாயகர்களோடு திரும்பிப் போய், முன்பு எட்டாதவற்றை எடுக்கலாம். 100-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இருப்பதால் விடுமுறை முழுக்க ஓடும்.

குறைகளையும் எழுதி வைக்கிறேன். குறிப்புகளும் பேச்சும் ஆங்கிலத்தில் வேகமாகப் போகின்றன, ஏழு வயதுக்காரனுக்கு அக்காவோ அம்மாவோ எடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று சில இடங்களில் துப்பே கிடைப்பதில்லை. பெரிய வில்லன்களோடு நடக்கும் சண்டைகளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். இவ்வளவு இருந்தும், பெரியவளுக்குச் சலிக்காமல் சின்னவனுக்கு எட்டுகிற கேம் எங்கள் வீட்டில் வேறு இல்லை.

நாளை தங்கை போனில் கேட்டால் சொல்ல வேண்டியது: பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கிக் கொடு. இரண்டாவது கன்ட்ரோலரையும் சேர்த்து வாங்கு, தனியாக விளையாடினால் இதில் பாதி சுவைகூட இல்லை.