மண்புழுவிடம் கேட்ட கேள்வி

எமது குரோய்டனிலிருந்து கிழக்கே பத்து மைலுக்குட்பட்ட தொலைவில் டவுண் என்னும் சிற்றூர் உள்ளது. சார்ள்ஸ் டார்வின் 1842 ஆம் ஆண்டு முதல் 1882 இல் மறையும் வரை வாழ்ந்த ஊர் அது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூலைப் பலரும் அறிவர். அவர் இறுதியாக எழுதிய நூல் மண்புழுவைப் பற்றியது என்பதை அறிந்தோர் சிலரே. 1881 இல் வெளிவந்த அந்நூலில், இத்துணைச் சிறிய உயிருக்கும் அறிவு என ஒன்று உண்டா என்று அவர் ஆராய்கின்றார்.

புழுக்களை மண் தொட்டிகளில் இட்டு வீட்டினுள்ளே வைத்துக்கொண்டார். முதலில் அவற்றுக்குச் செவிப்புலன் உண்டா என்று பார்த்தார். உலோக விசில் ஊதப்பட்டது. பசூன் என்னும் பெருங்குழல் உரத்து இசைக்கப்பட்டது. அருகிலே பியானோ வாசிக்கப்பட்டது. புழுக்கள் எதையும் பொருட்படுத்தவில்லை. பின்னர் அத்தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தினார். புழுக்கள் அக்கணமே வளைக்குள் மறைந்தன. காற்றில் வந்த ஒலியை அறியாதவை, மண்ணின் வழியே வந்த அதிர்வை அறிந்துகொண்டன.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. புழு தன் வளையின் வாயை இலைகளால் அடைக்கும். எந்த முனையைப் பற்றினால் இலை எளிதில் உட்செல்லும் என்பதை அது உணருமா? பழகிய இலையென்றால் அது வெறும் இயல்பூக்கம் என்று கூறிவிடலாம். ஆகவே டார்வின் கடதாசியை நீண்ட முக்கோணங்களாக வெட்டி, ஈரத்தில் தொய்யாதிருக்க இருபுறமும் கொழுப்புப் பூசிப் பரப்பிவைத்தார். புழுக்கள் இழுத்த 303 முக்கோணங்களில் 62 வீதமானவை கூர்முனையாலும், 23 வீதமானவை மட்டுமே அகன்ற அடியாலும் இழுக்கப்பட்டிருந்தன. கண்ணில்லாப் புழு, தன் இனம் என்றுமே கண்டிராத பொருளின் வடிவத்தைத் தடவி உணர்ந்து நடந்துகொண்டது என்பது அவர் முடிபு. எழுபது வயதை எட்டிய பேரறிஞர் கடதாசித் துண்டுகளுக்குக் கொழுப்புப் பூசிக்கொண்டிருந்த காட்சியை எண்ணி நான் சிரித்ததும் உண்டு, வியந்ததும் உண்டு.

வாஷிங்டன் விலங்கினச்சாலையில் 2001 இல் பிறந்த யானைக்கன்று ஒன்றுக்குக் கந்துல என்று பெயர். தாய் யானை இலங்கையிலிருந்து சென்றது. (எல்லாளனோடு பொருத துட்டகைமுனுவின் யானையின் பெயர் அது. எம்மவர் செவிக்குச் சற்று உறுத்தத்தான் செய்யும். யானைக்கன்று என்ன செய்யும், பாவம்!) எட்டாத உயரத்தில் பழங்களைத் தொங்கவிட்டு, தடிகளையும் அருகே வைத்துப் பார்த்தார்கள். தடியால் தட்டி எடுக்கும் சிம்பன்சிக் குரங்கின் உத்தி கந்துலவுக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒருநாள் கனசதுரப் பெட்டி ஒன்றை உருட்டிவந்து, அதன்மேல் முன்னங்கால்களை வைத்து ஏறிப் பழத்தைப் பறித்தது. யானைக்குத் தும்பிக்கை கை மட்டுமா, மூக்கும் அதுவே. தடியைப் பற்றிவிட்டால் மணம் பிடித்து உணவைத் தேடும் வழி தடைப்படுகிறது என ஆய்வாளர் 2011 இல் விளக்கினர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லிப் பெரும்புகழ் பெற்றது. கேட்பவர் தம்மை அறியாமலே செய்யும் சிறு தலையசைவைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது என்பதை ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் 1907 இல் நிறுவினார்.

புழுவையும் குதிரையையும் பேசிய கையோடு பெற்ற தாயைப் பேசலாமா என்று சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “புழுவுக்காவது பியானோ வைச்சாங்கள்” என்று சிரித்தார். எண்பத்து மூன்று வயதான அவரை நினைவாற்றல் சோதனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஆங்கிலக் கேள்விகளைத் தொலைபேசி வழியே ஒருவர் மொழிபெயர்த்தார். பிரதமர் யார் என்று கேட்டார்கள். (இந்நாட்டில் அப்பதவி கைமாறும் வேகத்தில் எனக்கே சிலவேளை தயக்கம் வரும்.) இப்போது என்ன பருவகாலம் என்றார்கள். ஆனி மாதம், “சோளகக் காலம்” என்றார் பருத்தித்துறையிற் பிறந்த அம்மா. மொழிபெயர்ப்பாளருக்குச் சோளகம் விளங்கவில்லை. விடை பிழையெனக் குறிக்கப்பட்டது. புள்ளிகள் பாதியைத் தாண்டவில்லை.

மீண்டும் சோதிக்குமாறு கேட்டுக்கொண்டோம். இம்முறை யாழ்ப்பாணத் தமிழ் அறிந்த பணியாளர் ஒருவர் நேரில் அமர்ந்து கேட்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அருகிலிருந்தால் என் புருவமே விடை சொல்லியிருக்கும். ஹான்ஸை நினைத்துக்கொண்டு எழுந்து சென்றேன்.

புள்ளிகள் வெகுவாக உயர்ந்தன. எனினும், மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுநேரம் கழித்துக் கேட்டபோது, முதன்முறை போலவே அம்மாவுக்கு ஒன்றுதான் நினைவிலிருந்தது. மறதி உண்டு, ஆனால் தொடக்க நிலையில் என்றார் மருத்துவர். அப்பாவின் திதியைப் பஞ்சாங்கம் பாராமலே அம்மா சொல்கிறார். அடுப்பை அணைக்கத்தான் மறக்கிறார். அதை இப்போது என் மகள் பார்த்துக்கொள்கிறாள்.